பின்கதவு வழியா வாங்க, குடில் தயாராகுது!

முன்வாசல் வழியாக வந்தால் உங்களுக்குக் கிடைப்பது டிசம்பர் 24ஆம் தேதி ராத்திரி மட்டும்தான். சீரியல் பல்பு, புதுச்சேலை மொடமொடப்பு, மல்லிகைப்பூ, சாம்பிராணிப் புகை எல்லாம் அங்கே இருக்கும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்களைப் பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போகத்தான் எனக்கு ஆசை. பங்குப் பள்ளிக்கூடத்தில் முன்பு ஒன்றாம் வகுப்பு நடந்த அறை அது. குனிந்து வாருங்கள், நிலைப்படி தாழ்வு. பார்த்து, பார்த்து! அது பசைச் சட்டி. அந்தத் தாம்பாளத்தை மட்டும் மிதித்துவிடாதீர்கள். இந்த வருஷத்துப் பெத்லகேம் அதில்தான் முளைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பூண்டி மாதா பேராலயத்துக்குச் சைக்கிளிலேயே போய்வந்துவிடலாம். 1999இல் ரோமாபுரியிலிருந்து பேராலயப் பட்டம் பெற்ற பெரிய கோயில் அது. எங்களுடையது சின்ன ஓட்டுக்கோயில். பகலில் நான் தஞ்சாவூரில் கணக்கு எழுதுகிறேன். மற்ற மாதங்களில் சாயங்கால பஸ்ஸில் தூங்கிவிடுவேன். டிசம்பரில் தூக்கமே வராது. ஜன்னலுக்கு வெளியே சம்பா கதிர் வாங்கி நிற்கும், எனக்கு மடியில் கலர் பேப்பர் சுருள், காலடியில் பையில் மூங்கில் பிளாச்சு. கண்டக்டர் அண்ணன் கேட்பார்: "என்ன பாப்பா, இந்த வருஷம் ஸ்டார் எத்தனை?" எண்ணிக்கை சொல்ல மாட்டேன். திருவிழா ரகசியம்!

முதலில் அந்தத் தாம்பாளத்துக்கு வாருங்கள். ஒன்று அல்ல, பதினோரு தாம்பாளம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு, பழைய தகரத் தட்டு, அடி ஓட்டையான அன்னக்கூடை மூடி, எதுவும் ஆகும். குடிலில் வயல் வேண்டும் இல்லையா? மாட்டுக்கொட்டில் இருந்தால் அதைச் சுற்றி வயல் இருக்கத்தானே செய்யும்? அந்த வயலை நாங்கள் நிஜ நெல்லில் போடுகிறோம். டிசம்பர் 13 சாயங்காலம் அப்பா குறுவையில் எடுத்து வைத்த விதைநெல்லில் இரண்டு படி அளந்து கொடுப்பார். குடிலுக்குத்தானே என்று பதரும் பொக்குமாகக் கொடுக்க மாட்டார். வயலுக்கு விதை தேர்கிற அதே முறைதான்: வாளித் தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து மேலே தலைகாட்டும்வரை உப்பைக் கரைக்க வேண்டும். அந்த உப்புத் தண்ணீரில் நெல்லைக் கொட்டினால் பதரெல்லாம் மேலே வந்துவிடும், கெட்டி நெல் அடியில் தங்கும். மிதப்பதை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ராத்திரி முழுக்கவும் மறுநாள் பகல் முழுக்கவும் ஊறவைக்க வேண்டும். 14ஆம் தேதி சாயங்காலம் வடித்து ஈரச்சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடிவிட்டால் மறுநாள் சாயங்காலம் சாக்கைத் தொட்டாலே சூடு தெரியும். உள்ளே கையை விட்டுப் பாருங்களேன்! காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொட்டமாதிரி இருக்கும். நெல் மூக்கில் வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்ததும் எனக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

15ஆம் தேதி விதைப்பு. தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல் மண், அதில் மக்கிய எரு ஒரு பங்கு. நெருக்கமாகத் தூவ வேண்டும், மண்ணே தெரியக்கூடாது. இரண்டு நாள் வைக்கோல் மூடாக்கு. மூன்றாம் நாள் மூடாக்கை எடுத்தால் ஊசி ஊசியாக நிற்கும். 24ஆம் தேதி ராத்திரிக்கு நாலு விரற்கடை. அந்த உயரம்தான் கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் புல் மாதிரி இருக்கும், மேலே போனால் சாய்ந்துவிடும்.

இந்தக் கணக்கு எங்களுக்கு ஒரே வருஷத்தில் வந்துவிடவில்லை. ஒரு வருஷம் ஆர்வக்கோளாறில் டிசம்பர் முதல் தேதியே விதைத்தோம், திருநாளுக்குள் மடங்கிப் படுத்துவிட்டது. இன்னொரு வருஷம் மழை விடாமல் அடித்ததால் தட்டுகளை இருட்டறையிலேயே வைத்திருந்தோம். எல்லாம் மஞ்சளாக, நூலாக வளர்ந்தது. பிறகு ஒரு வருஷம், சொல்லவே மனசு வரவில்லை, திருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது ராத்திரியில் எலி புகுந்து நாலு தட்டை மேய்ந்துவிட்டது. விடிந்து பார்த்த சின்ன அத்தை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு உபதேசியார் தாத்தா ஒரு யோசனை சொன்னார்: "கேழ்வரகு போடு தாயி. ரெண்டு நாளில் தலைகாட்டிடும்." போட்டோம். திருநாள் ராத்திரி நெல் வயலுக்கு நடுவே கேழ்வரகுத் திட்டு மெல்லிசாக, பாசி படர்ந்தமாதிரி தெரிந்தது. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எங்களைத் தவிர.

இப்போது முறை வைத்திருக்கிறோம். விடியற்காலை ஐந்தரைக்கு ஒருத்தி வந்து தட்டுகளை வெளியே எடுத்து வைத்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குருவி, கோழி வராமல் பார்க்க வேண்டும். இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். என் முறை வருகிற நாள் எனக்குக் கொண்டாட்டம்! மார்கழி பிறந்திருக்கும். சிவன் கோயில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை ஒலிக்கும். எதிர்வீட்டு அத்தை வாசலில் கோலம் போட்டுச் சாணிப்பிள்ளையாரில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும், "ஏண்டி, ஒங்க பெத்லகேமுக்கு ரெண்டு பூ வேணுமா?" என்று நீட்டுவார். வாங்கிக்கொண்டு வந்து தட்டு ஓரத்தில் வைப்பேன். வயல்வெளிமேல் பனி வெள்ளையாக இறங்கியிருக்கும். குடில்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்று சொல்வது எனக்குப் பிடிக்காததற்கு அந்தக் காலைதான் காரணம். நமக்கென்று ஒரு பனி இருக்கும்போது பஞ்சு எதற்கு? இந்த விஷயத்தில் பையன்களோடு வருஷா வருஷம் சண்டை. இந்த வருஷம் ஜெயித்தது நாங்கள்.

அடுத்தது கூரை. இது கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் தெரியும். குடிலுக்குக் கூரை வேய நீள வைக்கோல் வேண்டும். நெல்லுக்கே பேர்போன தஞ்சாவூர் ஜில்லாவில் வைக்கோலுக்கா பஞ்சம் என்பீர்கள். நீள வைக்கோலுக்குப் பஞ்சம்தான்! அறுவடை மெஷின் வந்தபிறகு வைக்கோல் துண்டு துண்டாகத்தான் வயலில் விழுகிறது. அதைச் சுருட்டிக் கட்டுகிற மெஷினும் வந்துவிட்டது. மாட்டுக்கு அது போதும், கூரைக்கு ஆகாது. போதாததற்கு இப்போது போடுகிற ரகங்கள் எல்லாம் குட்டை. அதனால் ஐப்பசியிலேயே நாங்கள் விசாரிக்கத் தொடங்கிவிடுவோம், பக்கத்து ஊர்களில் மாப்பிள்ளைச் சம்பா போட்டவர் யார் என்று. ஆள் உயரம் வளர்கிற ரகம் அது. திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் பாரம்பரிய ரகங்களைத் தேடித்தேடிச் சேர்த்து, நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்று கொடுத்துப் பரப்பினாரே, அந்த மனிதருக்கு எங்கள் குடிலும் கடன்பட்டிருக்கிறது. அவர் 2018 டிசம்பர் 6ஆம் தேதி மறைந்தார். அந்த வருஷத்துக் குடிலின் கூரை முழுக்க மாப்பிள்ளைச் சம்பாதான். போரிலிருந்து உருவி, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, முடி வாருவதுபோலச் சீப்புப் போட்டு வாரி, பிடிபிடியாக முடிந்து, கீழிருந்து மேலாக அடுக்கினோம். வேலிக்கு ஆற்றங்கரை நாணல். தரையில் பரப்பக் கொஞ்சம் விழல்.

1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் வைத்தபோது சுரூபமே கிடையாதாம். ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். 2023இல் 800 வருஷம் நிறைந்தது என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அவருக்கும் வைக்கோல் தேடி யாரோ அலைந்திருப்பார்கள்!

சரி, இந்தப் பக்கம் திரும்புங்கள். இதுதான் ஸ்டார் கட்டுகிற இடம். கடையில் மடக்கு ஸ்டார் கிடைக்கிறது, வாங்கி விரித்தால் ஒரு நிமிஷத்தில் தொங்கவிடலாம், தெரியும். ஆனாலும் பிளாச்சு ஸ்டார் வயிறு வைக்கிற அந்த நொடி இருக்கிறதே! சொல்கிறேன், கேளுங்கள். ஒரே நீளத்தில் பத்துப் பிளாச்சு. ஐந்தை எடுத்து, பேனா எடுக்காமல் நட்சத்திரம் போடுவோமே, அந்தக் கோட்டிலேயே ஒன்றின்மேல் ஒன்று, ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து நுனிகளைச் சணலால் கட்ட வேண்டும். மிச்சம் ஐந்தில் அதேமாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனியையும் சேர்த்துக் கட்டினால் அப்பளம்போலத் தட்டையாக இருக்கும். இப்போதுதான் வித்தை. நடுவில் பிளாச்சுகள் குறுக்கே வெட்டுகிற ஐந்து இடம் இருக்கிறது. அங்கே ஒரு சாண் குச்சியை இரண்டு அடுக்குக்கும் நடுவே முட்டுக்கொடுத்துச் செருக வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவதைச் செருகும்போது மூங்கில் முனகும். கை நடுங்கும். ஒடிந்தால் எல்லாம் போச்சு. ஒடியாவிட்டால், 'டக்' என்று ஒரு சத்தம். தட்டையாகக் கிடந்தது புஸ்ஸென்று உப்பி நட்சத்திரமாகிவிடும். அறையே கத்தும்! ஒவ்வொரு ஸ்டாருக்கும் கத்துவோம். ஒன்பதாவது ஸ்டாருக்கும் அதே சத்தம்தான்.

பசை மைதா மாவில்தான். தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிண்டி, கண்ணாடி பதம் வரும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை, பூச்சி அரிக்காமல் இருக்க. அது விஷம், அதனால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் ஜன்னல் மேல்தட்டில் பொட்டலமாக இருக்கிறது. பேப்பர் ஒட்டிக் காய்ந்ததும் மேலே பாலிதீன் உறை, வடகிழக்குப் பருவமழை யாருக்கும் திருநாள் லீவு விடுவதில்லை. முன்பு உள்ளே குண்டு பல்பு போடுவார்கள். சூட்டில் பேப்பர் பழுப்பேறிவிடும் என்று அம்மா சொல்வார். இப்போது எல்.ஈ.டி., அவ்வளவு சூடு கிடையாது.

ஜெர்மனியில் மொராவியர்கள் என்றொரு சபையார் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் 1830களில் பையன்களுக்கு வடிவக்கணக்கு சொல்லிக்கொடுக்கத்தான் காகித நட்சத்திரம் செய்யத் தொடங்கினார்கள். பல முனை வைத்த அந்த நட்சத்திரம் இன்றைக்கு உலகம் முழுக்கத் தொங்குகிறது. அதே சபையார் 1760இலேயே நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் அமைத்துக் குடியிருந்தவர்கள். ஆனால் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். கொஞ்ச காலம் பொறுத்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஆதங்கம்! கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு, நட்சத்திரம் ஒரு கணக்குப் பாடமாகப் பிறந்தது என்று கேட்டால் சந்தோஷமாக இருக்காதா?

மேசைமேல் வெள்ளையாக, சீவிய தேங்காய்ப் பத்தைபோல இருக்கிறதே, தொட்டுப் பாருங்கள். கனமே இல்லை, இல்லையா? நெட்டி! குளத்திலும் சதுப்பிலும் வளர்கிற செடியின் தண்டு. வெட்டிக் காயவைத்து, மேல்தோலைச் சீவினால் உள்ளே இந்த வெள்ளை. கூர்மையான கத்தியால் மெல்லிய தாளாகவும் சீவலாம், பூவாகவும் செதுக்கலாம். தஞ்சாவூர்க் கைவினைக் கடைகளில் பெரிய கோயிலை நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்களே, அதே நெட்டிதான். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கன்பேட்டையில் பொங்கல் நெருங்கினால் மாட்டுக்கு நெட்டி மாலை கோப்பார்கள். என் பெரியம்மா வாக்கப்பட்ட ஊர் அந்தப் பக்கம். பக்கத்து வீட்டில் நெட்டி மாலை கோக்கிற ஆச்சியிடம் ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டேன். ஆச்சி சொன்ன ஒரே பாடம்: "கத்திய நகத்தாத, நெட்டிய உருட்டு." கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு தண்டை உருட்ட வேண்டும். நான் மூன்று நாள் கத்தியை நகர்த்தித் துண்டு துண்டாக்கினேன். நாலாம் நாள் ஒரு சாண் நீளத்துக்குக் கிழியாமல் தாள் வந்தது. அதை ஆச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு களிப்பாக்கு எடுத்துக் கொடுத்தார்.

மாட்டுக்கு மாலையாகிற அந்த நெட்டிதான் இங்கே சம்மனசின், அதாவது தேவதூதரின், இறக்கையாகிறது. ஓர் இறக்கைக்கு இருபத்திரண்டு இறகு. சாயம் பூசுவதில்லை. அந்த வெள்ளையை எந்தப் பெயிண்டும் தராது. ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சம் பட்டால் லேசாக மஞ்சள் ஏறி, பால் பாத்திரத்தில் விளக்கு தெரிவதுபோல இருக்கும்.

இந்தக் கதவை மட்டும் மெதுவாகத் திறக்கிறேன். சத்தம் போடாதீர்கள். உள்ளே மாதாவுக்குச் சேலை உடுத்துகிறார்கள். இந்த நேரத்தில் ஆண்கள் உள்ளே வருவதில்லை, ஃபாதர் உட்பட. எங்கள் பீடத்து மாதா இரண்டடி உயரம். இந்த வருஷம் திருபுவனம் பட்டு, மாம்பழக் கலரில் அரக்கு பார்டர். கல்யாணமாகிப் போன ஓர் அக்கா நேர்ந்துகொண்டு கொடுத்தது. இரண்டடி உருவத்துக்கு மடிப்பு வைப்பது லேசு இல்லை. பட்டு விறைத்துக்கொண்டு நிற்கும், குடைபோல விரியும். எனக்கு இந்த மடிப்பு வந்தது தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் இருக்கிற சுவார்ட்ஸ் கோயிலில் என்று சொன்னால் நம்புவீர்களா? 1779இல் கட்டிய கோயில் அது. உள்ளே ஒரு வெள்ளைச் சலவைக்கல் சிற்பம். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் இருக்கிறார், சரபோஜி மன்னர் பக்கத்தில் நிற்கிறார். தன்னை வளர்த்த குருவுக்காக மன்னர் லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது. எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் துணியைத்தான் பார்த்தேன், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை முழுக்க! போர்வை எங்கே விழுகிறது, எங்கே இழுக்கிறது, எந்த மடிப்பு எந்த மடிப்புக்குக் கீழே போகிறது. கல்லை இப்படி மடிக்க முடிந்தால் பட்டை மடிக்க முடியாதா என்ற ரோஷத்தோடு பஸ் ஏறினேன். இப்போது ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ளே ஓர் ஓட்டுத்தையல் போட்டு, இடுப்பில் நாடா கோத்துவிடுகிறேன். விரியவே விரியாது.

மாதா சேலை கட்டுவது நம்மூரில் எத்தனை பழைய வழக்கம் தெரியுமா? கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் ஊழியம் செய்த ஊர். அவர்தான் கோணான்குப்பத்துக்குத் தமிழ்ப்பெண்போலச் சேலை கட்டிய மாதாவை மணிலாவில் செய்யச் சொல்லி வரவழைத்தார் என்று அங்கே சொல்வார்கள். அதே மனிதர்தான் 1726இல் தேம்பாவணி பாடி முடித்தவர். 3615 பாட்டு, பாட்டுடைத் தலைவர் சூசையப்பர். குடிலில் எப்போதும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற சூசையப்பருக்காக இவ்வளவு பெரிய காப்பியம்! அதனால் எங்கள் குடிலில் அவரைக் கவனிக்காமல் விடுவதில்லை. பட்டுச் சேலையின் ஓர வெட்டில் மிஞ்சிய அரக்கு பார்டரை அவர் தோளுக்குத் துண்டாகத் தைத்துவிட்டேன். மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

பீடத் துணியின் ஓரத்தைப் பாருங்கள், குரோஷா பின்னல். இது சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது. தெற்கே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையும் கூடவே போனது. அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் பின்னிய காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்பதைப் படித்த அன்று நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தப் பின்னல் வேலையைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் விடுவதில்லை, இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சி. தபேலா கொஞ்சம் சுருதி இறங்கியிருக்கிறது, 24ஆம் தேதிக்குள் சரியாகிவிடும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று இந்த வருஷம் உண்டு. 1774இல் பிறந்து ஏறத்தாழ 90 வயதுவரை வாழ்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய மனிதர். சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரோடு வளர்ந்தவர். பலகாரம் வீட்டு வேலை, அதைப் பற்றி இங்கே பேச நேரமில்லை. அச்சு முறுக்கு டப்பா மட்டும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

வாருங்கள், மணி ஒன்பதாகிவிட்டது, 23ஆம் தேதி ராத்திரி. தட்டுகளைக் குடிலுக்குள் இறக்குகிற நேரம். எல்லாரும் ஒதுங்குங்கள்! சிமெண்ட் சாக்குக் காகிதத்தைக் கசக்கி, பசையும் மரத்தூளும் பூசிச் செய்த மலை பின்னால். முன்னால் பையன்கள் ஆறு விட்டிருக்கிறார்கள். அந்த ஆற்றுக்குக் குறுக்கே என்ன தெரிகிறது? கல்லணை! கரிகாலன் கட்டிய அணை பெத்லகேமில் இருக்கிறது. மேலே மணல் லாரி வேண்டாம் என்று மட்டும் நாங்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். கழுதையின் ஒடிந்த காதை எம்-சீல் வைத்து ஒட்டியாயிற்று. மூன்று ராஜாக்கள் தூரத்தில், மேற்குப் பக்கம் வைக்கோலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். தினம் ஒரு சாண் நகர்ந்து நகர்ந்து ஜனவரி 6க்குத்தான் வந்து சேர்வார்கள். அவர்களோடு நாலாவதாக ஒரு ராஜா நிற்கிறாரே? அது தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. நாலாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வீட்டிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டான். எடுக்கலாமா என்று சின்ன அத்தை கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் தபேலா தட்ட, பொம்மை தலையை ஆட்டியது. எடுக்கவில்லை.

பதினோரு தட்டையும் அடுக்கி, ஓரங்களை மண்ணால் அணைத்து, தட்டு விளிம்பு தெரியாமல் மூடினால் போதும். வயல்! வரப்பும் வாய்க்காலுமாக நிஜ வயல். பச்சை நாற்று வாசம் கோயில் முழுக்க ஏறும். சாம்பிராணிக்கு முன்னால் அந்த வாசம் வந்துவிடும். பிளாஸ்டிக் புல்விரிப்பு மீட்டர் கணக்கில் விற்கிறார்களே, ஏன் இவ்வளவு பாடு என்று ஒருவர் கேட்டார். அந்த விரிப்பை மூக்கருகில் வைத்துப் பாருங்கள் என்றேன். நெல் விளைகிற ஊரில் பிறந்த குழந்தைக்கு நெல்லின் நடுவேதான் இடம் போடுவோம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனசு இல்லை.

24ஆம் தேதி. நள்ளிரவுக்கு இன்னும் ஐந்து நிமிஷம். தீவனத்தொட்டி காலியாக இருக்கிறது, பாருங்கள். அது அதுவரை காலியாகத்தான் இருக்க வேண்டும். குழந்தை இயேசு சுரூபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், ஃபாதரும் நானும். அது என் தையல் பெட்டியில், வெள்ளை மல் துணிக்குள் இருக்கிறது. உள்ளங்கை நீளம். இடது கால் கட்டைவிரலில் பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அதைத் தொட மாட்டோம். அம்மா சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து திருநாள் முடிந்து முத்தி செய்யும்போது எல்லாரும் அந்தக் காலைத்தான் தொடுகிறார்கள். கோயில் விளக்கெல்லாம் அணைந்தது. மணி அடிக்கிறது. நான் பின்கதவு வழியாக ஓடிப் போய், ஃபாதர் கையில் கொடுத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். உன்னதங்களிலே கீதம் தொடங்குகிறது, ஒன்பது ஸ்டாரும் ஒரே சமயத்தில் எரிகின்றன. (எண்ணிக்கை வெளியே வந்துவிட்டது, பரவாயில்லை, இனி ரகசியம் இல்லை!) குழந்தையை வைக்கோல்மேல் கிடத்தும்போது முன்வரிசையில் ஒரு பாட்டி குனிந்து நாற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "நெசப் பயிருடி!"

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்போம். கூரை வைக்கோலும் நாற்றும் எங்கள் வீட்டு மாட்டுக்கு. அடுத்த வாரமே மாட்டுப்பொங்கல், சம்மனசு செய்து மிஞ்சிய நெட்டியில் அதற்கு ஒரு மாலையும் கோத்துவிடுவேன். வண்டல் மண் வயலுக்கே திரும்பிப் போகும். பிளாச்சுகளைச் சணல் அவிழ்த்து, நீளவாரியாகக் கட்டிப் பரணில் வைத்துவிடுவோம்.

உங்கள் வீட்டில் குடில் வைப்பீர்கள் என்றால் ஒன்று கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். இந்த வருஷம் டிசம்பர் 13ஆம் தேதி சாயங்காலம் ஒரு கைப்பிடி விதைநெல் ஊறப்போடுங்கள். அரிசி இல்லை, உமியோடு இருக்கிற நெல். மறுநாள் வடித்து ஈரத்துணியில் கட்டுங்கள், 15ஆம் தேதி ஒரு தட்டில் விதையுங்கள், பகலில் வெயில் காட்டுங்கள், ராத்திரி எலிக்கு மட்டும் ஜாக்கிரதை.